ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம்

"மாமா, வைஃபையே காட்ட மாட்டேங்குது."

இரவு பத்தரை மணிக்கு விடுதி அறையிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, மடிக்கணினியில் ஏற்கனவே இருந்த விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவியிருக்கிறான். திரை வந்துவிட்டது. விசைப்பலகை வேலை செய்கிறது. பாட்டுப் போட்டால் பாடுகிறது. மேல் மூலையில் இருக்கவேண்டிய வைஃபை குறி மட்டும் இல்லை. "சிப் போயிருச்சா மாமா?" என்றபோது குரல் இறங்கியிருந்தது. அவன் அம்மா சீட்டு எடுத்து வாங்கிக்கொடுத்த கணினி அது.

"விண்டோஸ்ல போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன். அங்க வருது."

"அப்போ சிப்புக்கு ஒண்ணும் ஆகல. பயப்படாதே."

இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவருக்கு வாய்த்த பெரிய வசதி இது. ஒரே வன்பொருளை இரண்டு பேர் தனித்தனியே சோதித்துச் சொல்கிறார்கள். ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்குச் செய்யவில்லை என்றால் பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. பொருளுக்கும் அந்த இயங்குதளத்துக்கும் நடுவில் எங்கோ பேச்சு அறுந்திருக்கிறது. அந்த நடுவில் நிற்கும் நிரலைத்தான் டிரைவர் என்கிறோம்.

வைஃபை சிப்பை, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆண்டெனாவும் தெரியாது, அலையும் தெரியாது. தெரிவது வரிசையாகச் சில நினைவக முகவரிகள் மட்டும். அவற்றுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். இந்த முகவரியில் இந்த எண்ணை எழுதினால் ஆண்டெனாவுக்கு மின்சாரம் போகும். அந்த முகவரியைப் படித்தால் புதிதாகத் தரவு வந்திருக்கிறதா என்று தெரியும். இரண்டையும் முறை மாற்றிச் செய்தால் சிப் அப்படியே உறைந்துபோகக்கூடும். எந்த முகவரி எதற்கு என்பது வடிவமைத்தவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். அந்த அறிவை நிரலாக எழுதி வைத்தால் அதுவே டிரைவர்.

சரி, விண்டோஸுக்கு எழுதிய டிரைவரை எடுத்து லினக்ஸில் வைத்துவிட்டால்? டிரைவர் சிப்பிடம் மட்டும் பேசுவதில்லை. நினைவகம் வேண்டும் என்றாலும், சிப் அழைக்கும்போது தன்னை எழுப்பிவிட வேண்டும் என்றாலும், தன் இயங்குதளத்தின் கெர்னலை அதற்கே உரிய பெயர்களில், அதற்கே உரிய முறைகளில் கேட்கிறது. லினக்ஸ் கெர்னலில் அந்தப் பெயர்களே கிடையாது. விண்டோஸ் கெர்னலைப் போலவே பதில் சொல்லும் ஒரு போர்வையைப் போர்த்தி, விண்டோஸின் வைஃபை டிரைவர்களை லினக்ஸுக்குள் ஓட்டிக் காட்டிய என்டிஐஎஸ்ராப்பர் என்ற முயற்சியும் நடந்திருக்கிறது. வேறு வழியில்லாத காலத்தில் பலருக்கு அது கைகொடுத்தது. இன்று யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பல கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்பதை நம் பிள்ளைகள் பலர் முதலில் பார்த்தது அங்கேதான். அங்கே டிரைவரைத் தேடி அலையவேண்டி வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரே மாதிரியை ஆயிரக்கணக்கில் தரும்போது யாரோ ஒருவர் அந்தப் பொருத்தத்தை முன்கூட்டியே செய்துவிடுகிறார். நாமாக நிறுவும்போது அந்த யாரோ நாம்தான்.

பையனிடம் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறக்கச் சொன்னேன். எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை. கூடவே எண்களையும் காட்டச் சொல்லும் ஒரு சிறு குறிப்பு. "நிறைய வரி வருது மாமா." "நெட்வொர்க் கன்ட்ரோலர்னு ஒரு வரி இருக்கும் பாரு." இருந்தது. வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு இலக்கம், நடுவில் இரண்டு புள்ளி, மறுபடி நான்கு இலக்கம். அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கணினியின் பெயரையோ மாதிரி எண்ணையோ நான் கேட்கவே இல்லை. ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினிக்குள் இந்த மாதம் ஒரு நிறுவனத்தின் வைஃபை சிப் இருக்கும், அடுத்த மாதம் வேறொன்று இருக்கும். பெட்டிமேல் இருக்கும் பெயரை வைத்து டிரைவர் தேடித் தவறானதைப் பதித்து, அதை நீக்க இன்னொன்றைப் பதித்து, விடியும்வரை போராடியவர்கள் ஏராளம். நானும் அப்படிச் சில இரவுகளைத் தொலைத்திருக்கிறேன். எட்டு இலக்க எண் பொய் சொல்லாது.

அந்த எண் வந்த விதம் அழகானது. கணினியை இயக்கியதும், முதல் சில நொடிகளுக்குள், சிப்புகளை இணைக்கும் பிசிஐ தடத்தின் ஒவ்வொரு இடத்தையும் பார்த்து "யார் இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி போகிறது. காலியான இடத்திலிருந்து பதில் வராது. கேட்டவருக்குப் பதினாறு பிட்டும் ஒன்று என்றே தெரியும், அதாவது 65,535. அந்த எண்ணை எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்காமல் விட்டிருப்பதால் அது வந்தாலே அங்கே ஆள் இல்லை என்று பொருள். ஆள் இருந்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது செய்த நிறுவனம், இரண்டாவது அதன் குறிப்பிட்ட பொருள். இன்டெலின் நிறுவன எண் 8086. 1978-ல் வந்து அந்த நிறுவனத்தின் வழியையே மாற்றிய செயலியின் பெயரையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1002 என்று வந்தால் ஏஎம்டி குடும்பத்து வரைகலைச் சிப்.

ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் "இந்த எண்கள் வந்தால் என்னைக் கூப்பிடு" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கெர்னல் எண்ணை வாங்கி, பட்டியல்களில் தேடி, பொருந்திய டிரைவரை எழுப்புகிறது. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். அத்தனை பேரையும் வாசலில் நிற்க வைத்திருப்பதால்தான், எதையும் தனியாகப் பதிக்காமலே அவன் கணினியில் திரையும் ஒலியும் விசைப்பலகையும் உடனே வந்தன.

எண் தெரிந்துவிட்டதால், சிப் உயிரோடு இருக்கிறது, தடத்தில் பதில் சொல்கிறது என்பது உறுதி. அடுத்து, அந்தச் சிப்பை இப்போது எந்த டிரைவர் கையில் வைத்திருக்கிறது என்று கேட்கவேண்டும். அதே கட்டளைக்கு இன்னொரு குறிப்பைச் சேர்த்தால் ஒவ்வொரு சிப்புக்கும் கீழே அதுவும் வரும். ஒலிச் சிப்புக்குக் கீழே "பயன்பாட்டில் உள்ள டிரைவர்" என்று ஒரு வரி இருந்தது. வைஃபைக்குக் கீழே அந்த வரி இல்லை. பொருந்தக்கூடிய டிரைவரின் பெயர் மட்டும் இருந்தது. டிரைவர் வட்டில் இருக்கிறது, ஆனால் வேலையில் உட்காரவில்லை.

உட்காராமல் போவதற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம் ஃபர்ம்வேர் இல்லாமை. இன்றைய வைஃபை சிப்புக்குள் தனியாக ஒரு குட்டிச் செயலி இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது வெறுமையாக விழிக்கிறது. அதற்கான நிரலை ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பு சிப் நிறுவனத்துக்குச் சொந்தம். மூல நிரல் பெரும்பாலும் வெளியே வராது. கட்டற்ற மென்பொருள் மட்டுமே வேண்டும் என்று நின்ற டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பு, பல ஆண்டுகள் தன் நிறுவல் வட்டில் இத்தகைய கோப்புகளைச் சேர்க்கவில்லை. ஃபர்ம்வேரைப் பதிவிறக்க வைஃபை வேண்டும், வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும் என்று எத்தனையோ பேர் சிக்கி நின்றார்கள். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து அந்தக் கோப்புகள் வட்டிலேயே வருகின்றன. கொள்கையில் உறுதியாக நின்றவர்களை மதிக்கிறேன். ஆனாலும் அந்த மாற்றம் சரியானது என்பதுதான் என் எண்ணம். முதல் நாளே இணையம் கிடைக்காத மாணவர் இரண்டாம் நாள் லினக்ஸைத் திறக்கமாட்டார்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு எளிய வழி கைப்பேசி. யூஎஸ்பி கம்பியில் செருகி இணையப் பகிர்வை இயக்கினால் போதும். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் பெரும்பாலும் வேறெதுவும் கேட்காமல் இணையம் வந்துவிடும்.

பையனின் கணினியில் ஃபர்ம்வேர் சிக்கல் இல்லை. டிரைவரைக் கையால் எழுப்பச் சொன்னேன். மோட்ப்ரோப் என்ற கட்டளை. ஒரே வரியில் பிழை வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தான். "கீ வாஸ் ரிஜெக்டட்னு போட்டிருக்கு மாமா."

சாவி ஏற்கப்படவில்லை. அந்த ஒரு வரியில் முழுக்கதையும் இருந்தது.

டிரைவர் ஓடுவது கெர்னலுக்குள். சாதாரண மென்பொருள் ஒன்று தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் தவறு செய்தால் கணினியே விழும். விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் எழுதினார்கள். தவறுக்கே இந்தப் பாடு என்றால், கெட்ட எண்ணத்தோடு எழுதிய டிரைவர் உள்ளே வந்தால் என்ன ஆகும்? அதனால்தான் 2012-ல் விண்டோஸ் 8 வந்த காலத்தில் செக்யூர் பூட் என்ற காவல் மடிக்கணினிகளில் பரவலாயிற்று. தாய்ப்பலகை நம்பும் கையெழுத்து இருந்தால்தான் கெர்னல் ஓடும். அந்தக் கெர்னல் தான் நம்பும் கையெழுத்து உள்ள டிரைவரைத்தான் உள்ளே விடும்.

அவனுடைய வைஃபை டிரைவர் கெர்னலோடு வருவது அல்ல. நிறுவும்போது அவன் கணினியிலேயே தொகுக்கப்பட்டது. வெளியுலகில் யாரும் அதில் கையெழுத்திட்டிருக்க முடியாது. ஆகவே நிறுவி, அந்தக் கணினிக்கென்றே ஒரு சாவியை உண்டாக்கி, அதைக் கொண்டு கையெழுத்திடுகிறது. பிறகு அந்தச் சாவியைத் தாய்ப்பலகையிடம் பதிவு செய்யவேண்டும். அதை மென்பொருள் தானாகச் செய்ய முடிந்தால் வைரஸும் செய்துவிடும். ஆகவே மறுதொடக்கத்தின்போது, எந்த இயங்குதளமும் எழும் முன்பு, ஒரு நீலத்திரை வந்து நிற்கும். விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள்தான், நிறுவும்போது தான் கொடுத்த கடவுச்சொல்லை மறுபடி அடித்து, "ஆம், இந்தச் சாவியை நம்பு" என்று சொல்லவேண்டும். பத்து நொடிக்குள் எந்த விசையும் அழுத்தாவிட்டால் திரை போய்விடும்.

"நிறுவி முடிச்சு ரீஸ்டார்ட் பண்ணும்போது நீலமா ஒரு ஸ்கிரீன் வந்துச்சா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வந்துச்சு மாமா. ஏதோ எரர்னு நினைச்சு கன்டினியூ கொடுத்துட்டேன்."

அவன் மேல் தப்பில்லை. இத்தனை முக்கியமான கேள்வியை, விண்டோஸ் நொறுங்கும்போது நெடுங்காலம் வந்துகொண்டிருந்த அதே நீல நிறத்தில், ஒரு விளக்கமும் இல்லாமல் காட்டினால் யாராக இருந்தாலும் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். சாவிக் கோப்பை மறுபடி பதிவுக்கு அனுப்பச் சொன்னேன். எளிதான ஒரு கடவுச்சொல், மறுதொடக்கம், நீலத்திரை. இந்த முறை சாவியைச் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்தான். இரவு பதினொன்றே காலுக்கு விடுதி வைஃபையின் பெயர் திரையில் வந்தது. செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டால் ஒரு நிமிட வேலை என்று பலரும் சொல்வார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அடுத்த முறை அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும். அந்த எண்ணை முன்பே எடுத்து வைக்காமல், இந்த அமைப்புகள் இருக்கும் பயாஸில் கை வைக்கக் கூடாது.

விண்டோஸ் இரண்டாவதாக வரும்போதும் இதே கதைதான். இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் நிறுவியைத் திறந்தால் வட்டுப் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வட்டுக்கும் செயலிக்கும் நடுவில் விஎம்டி என்ற ஓர் அடுக்கு இயக்கப்பட்டிருக்கிறது, அதற்கான டிரைவர் நிறுவியிடம் இல்லை, அவ்வளவுதான். டிரைவரை வேறொரு கணினியில் பதிவிறக்கி, விரித்து, அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் வைத்து, "லோட் டிரைவர்" பொத்தானில் காட்டினால் வட்டு தெரியும். விரிக்காமல் பதிவிறக்கிய கோப்பை அப்படியே வைத்தால் நிறுவியால் அதைப் படிக்க முடியாது.

லினக்ஸ் நிறுவும்போது இதன் மறுபக்கம் வரும். வட்டு இன்டெலின் ஆர்எஸ்டி முறையில் இருக்கிறது, பொதுவான ஏஎச்சிஐ முறைக்கு மாற்று என்று நிறுவி கேட்கும். பயாஸில் போய் மாற்றினால் லினக்ஸுக்கு வட்டு தெரியும். விண்டோஸ் பிழைத்திரையோடு விழும். தொடக்கத்தில் எந்த வட்டு டிரைவர் வேண்டும் என்று விண்டோஸ் முன்பே குறித்து வைத்திருக்கிறது, ஏஎச்சிஐ அதில் இல்லை. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மாற்றுவதற்கு முன்பு, விண்டோஸ் அடுத்த முறை சேஃப் மோடில் எழவேண்டும் என்று குறித்துவிடுங்கள். பிறகு பயாஸில் மாற்றுங்கள். சேஃப் மோடில் எழும்போது அடிப்படை டிரைவர்கள் எல்லாவற்றையும் விண்டோஸ் எழுப்பிப் பார்க்கும். ஏஎச்சிஐ பொருந்துவதைக் கண்டு குறித்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்கினால் வழக்கம்போல எழும். எதையும் அழிக்காமல், எதையும் மறுபடி நிறுவாமல்.

இன்னொரு தொல்லை, முதல் குடித்தனக்காரர் வெளியே போகும்போது அறையைப் பூட்டிக்கொண்டு போவது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் அது முழுமையாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாக அணைந்து எழுகிறது. ஆகவே ரீஸ்டார்ட் வழியாக லினக்ஸுக்கு வந்தால் வைஃபை வேலை செய்து, ஷட் டவுன் வழியாக வந்தால் செய்யவில்லை என்றால், டிரைவரைத் தேட வேண்டாம்; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். விண்டோஸ் பகுதியில் எதையும் எழுத முடியவில்லை என்று லினக்ஸ் சொல்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பட்டியலில் எண்ணே இல்லாத சிப்புக்கு என்ன வழி? யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். பிராட்காமின் வைஃபை சிப்புகளுக்கு ஒரு காலத்தில் திறந்த லினக்ஸ் டிரைவரும் இல்லை, ஆவணமும் இல்லை. தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, நிறுவனத்தின் மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று விவரக்குறிப்பு எழுதியது. இன்னொரு குழு மூல டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. நகல் எடுத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாதபடி. 2006-ல் அது கெர்னலில் சேர்ந்தது. 2010-ல் அந்த நிறுவனமே தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது.

ஆப்பிளின் எம்1 சிப் 2020 நவம்பரில் வந்தபோது நடந்தது இதைவிட வியப்பானது. அந்தக் கணினிகளில் லினக்ஸை ஓட்ட முனைந்த அசாஹி லினக்ஸ் குழு, வன்பொருளுக்கும் மேக்ஓஎஸ்ஸுக்கும் நடுவே எம்1என்1 என்ற மெல்லிய அடுக்கை வைத்து, மேக்ஓஎஸ் எந்த முகவரியில் எதை எழுதுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. 2022 மார்ச்சில் முதல் பதிப்பு வந்தது. ஒலிபெருக்கியை மட்டும் வெகுநாள் இயக்கவே இல்லை. அந்த ஒலிபெருக்கிகளுக்குத் தாங்கும் அளவைவிட அதிகமான மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையரால் அனுப்ப முடியும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று மென்பொருள் கணக்கிட்டு ஒலியைக் குறைக்கவேண்டும். கணக்கு தவறினால் பொருளே கருகும். அந்தக் கணக்கைச் சரியாக எழுதி முடித்த பிறகுதான் பயனர்களுக்கு ஒலியைத் திறந்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களின் கணினி கெட்டுவிடக் கூடாது என்று காட்டிய அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மறுநாள் காலை மறுபடி அழைப்பு. "மாமா, விண்டோஸ்ல மணி தப்பா காட்டுது. கிளாஸுக்குக் கிளம்பறேன், 3:40-ன்னு இருக்கு." என் கைக்கடிகாரத்தில் 9:10.

கழித்துப் பார்த்தேன். சரியாக ஐந்தரை மணி நேரம். இதற்கு டிரைவர் காரணமில்லை. தாய்ப்பலகையில் காசு வடிவ மின்கலத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். இரண்டு குடித்தனத்துக்கும் அது பொது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொதுநேரத்தை எழுதிவைக்கிறது. இரவு லினக்ஸ் அதைத் திருத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. காலையில் விண்டோஸ் வந்து அதையே நம் நேரம் என்று வாசித்திருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் ஐந்தரை மணி. சிங்கப்பூரில் இருப்பவருக்கு இதே கோளாறு எட்டு மணி நேரமாகத் தெரியும்.

உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸிடம் சொல்ல ஒரு கட்டளை போதும். கோடைக்காக மணியைத் தள்ளிவைக்கும் நாடுகளில் அது குழப்பம் தரும். நமக்கு அந்த வழக்கமே இல்லை. சொன்னேன், அடித்தான், விண்டோஸுக்குத் திரும்பினான்.

"9:22 மாமா. சரியா இருக்கு. கிளாஸுக்கு ஓடறேன்."